வண்டூர் பஸ் கண்டக்டர் சபையில் பேசியது

தீவுத் தென்றல் கலாமன்றம் இந்த வருஷ மலரில் அழகர்சாமியைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறது. மீதி அரைப் பக்கம் சிமெண்ட் விளம்பரம். "கடல் கடந்த மண்ணில் தெள்ளுதமிழ் முழங்கி, உசிலம்பட்டி முதல் உலகம் வரை கேட்கச் செய்த சிங்கக் குரலோன்" என்று மன்றத்தின் செயலாளர் பாலசுப்பிரமணியம் எழுதியிருக்கிறார். அந்த ஆளுக்குச் சொந்தமாக எழுத வராது. எங்கேயோ இரங்கல் கூட்டத்தில் கேட்டதை எடுத்து ஒட்டியிருப்பார். செத்தவனுக்குப் போடுகிற மாதிரிதான் படமும் போட்டிருக்கிறார்கள், ஓரமெல்லாம் பூ வரைந்து. அழகர்சாமி உயிரோடுதான் இருக்கிறான். இன்று காலையில்கூட என் பஸ்ஸில் ஒரு ஆளோடு சில்லறைக்குச் சண்டை போட்டான்.

அந்த அரைப் பக்கத்தில் உண்மை என்று பார்த்தால் அவன் பெயர் ஒன்றுதான். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் ஹபீப் முகம்மது. இங்கே அந்தமானில், அபர்டீன் பஜாரில் என் அண்ணன் துணிக்கடை வைத்திருக்கிறார். நான் கடையில் குந்திக்கொண்டு முழம் போடப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். வண்டூர் பஸ்ஸில் நான் டிரைவர், அழகர்சாமி கண்டக்டர். என் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருஷம் அவன் குரலைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலைப் பற்றிப் பேச எவனுக்காவது தகுதி இருந்தால் அது எனக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழகர்சாமி மகாத்மா இல்லை. வாய்க்கொழுப்பு பிடித்தவன். கட்டையாக, கறுப்பாக, காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல், விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பான். தன் குரலைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு பெருமை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூடத் தனக்குப் போட்டியாக ஊதுகிறது என்று முறைப்பான். அவன் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ரோடு போடுகிற வேலைக்கு வந்தவர். இவன் இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பாதியில் நின்று, பஸ்ஸில் ஏறியவன். மனைவி ஒச்சம்மாவை மட்டும் உசிலம்பட்டியிலிருந்து கப்பலில் கூட்டி வந்தார்கள்.

எங்கள் பஸ்ஸில் பெங்காலி ஏறுவான், தெலுங்கன் ஏறுவான், ராஞ்சிக்காரன் ஏறுவான், மலையாளி ஏறுவான். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்தி. அதுவும் டெல்லி இந்தி இல்லை, எங்கள் தீவு இந்தி, இலக்கணத்தைக் கடலில் வீசிவிட்டுப் பேசுகிற இந்தி. காலை முதல் சாயங்காலம் வரை அழகர்சாமி கத்துவதும் சிரிப்பதும் அதில்தான். வீட்டுக்குப் போனால் மதுரைத் தமிழ். இதில் ஒரு விஷயம் உண்டு, எனக்கும் ஒச்சம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. அவன் தமிழில் திட்டினால் விளையாட்டு. எவ்வளவு கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டே கேட்கலாம். இந்தியில் வந்துவிட்டால் நிஜமான கோபம். பின்னால் தமிழில் சத்தம் கேட்டால் நான் பாட்டுக்கு வண்டி ஓட்டுவேன். "அரே" என்று ஆரம்பித்தால் ஓரம் கட்டிவிடுவேன். ஒச்சம்மாவும் அப்படித்தான். வீட்டில் இந்தி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசாமல் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுமாம். பிறந்த ஊர் இது, பிறகு என்ன செய்வான்? முதல் அடி வாங்கியது, முதல் அடி கொடுத்தது, எல்லாம் தெருவில் இந்தியில் நடந்தது. கோபம் அந்த வழியாகவே வரப் பழகிவிட்டது.

இது உசிலம்பட்டியில் எவனுக்குப் புரியும்? ஒச்சம்மாவின் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இவன் கப்பலேறிப் போனான். சம்பந்தி முறை, மாப்பிள்ளை முறை எல்லாம் பார்த்து மணமக்களை வாழ்த்தச் சொல்லி இவன் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் நிறைந்த பஸ்ஸை அதட்டுகிறவன், அங்கே நாக்கு குழறி, "மத்லப்... அதாவது..." என்று ஆரம்பித்து, இரண்டு வரிக்கு நாலு இடத்தில் இந்தி சொருகிவிட்டான். பந்தலே சிரித்திருக்கிறது. ஒச்சம்மாவின் அண்ணன் எழுந்து வந்து, மைக்கை இவன் கையிலிருந்து பிடுங்கி, அதே மைக்கில் சொன்னாராம்: "எங்க மாப்ளைக்குத் தமிழு கப்பல்லயே எறங்கிப்போச்சப்பா!" மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு உசிலம்பட்டிக்குப் போனால் இவன் வாயைத் திறப்பதில்லை. சோறு போட்டால் தின்பான், கேட்டால் தலையாட்டுவான். ஊமை மாப்பிள்ளை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவ்வளவு வாய்க்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து அந்தக் கூட்டம் வந்து இறங்கியது. தலைவன் பெயர் சிவபிரகாஷ். டைரக்டராம். கழுத்தில் துண்டு மாதிரி ஒன்று, காலில் கிழிந்த மாதிரி தைத்த செருப்பு, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பழைய காலத்து அரசியல் வாதங்களை நாடகமாக மேடையில் போட்டு, அதை அப்படியே காமிரா வைத்துப் பிடித்து, தொடராக இணையத்தில் விடுகிறார்களாம். மேடை, எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஜனம், நாலு பக்கம் காமிரா, நடுவில் நிறுத்தமே கிடையாது, ஒரே மூச்சில் எடுப்பது. இந்தத் தடவை எடுத்துக்கொண்டது, சுதந்திரம் வந்த புதிதில் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி எது என்று அடித்துக்கொண்டார்களே, அந்த வாதம்.

அதை எடுக்க அந்தமானுக்கு ஏன் வரவேண்டும்? இங்கே எங்களுக்குச் சட்டசபையே கிடையாது. ஒரே ஒரு எம்.பி., மீதி எல்லாம் அதிகாரிகள் ராஜ்ஜியம். சபை என்றால் என்ன நிறம் என்று கேட்கிற ஊரில் சபைக்கு செட் போட்டார்கள். காரணம் சொன்னார் டைரக்டர்: "தீவுங்கிறது ஒரு படிமம் சார், மொழி தனிமைப்பட்டு நிக்கிற இடம்." படிமமாவது வெங்காயமாவது. மன்றம் ஹாலைச் சும்மா கொடுத்தது, தங்க இடம், மூன்று வேளை மீன் சாப்பாடு கொடுத்தது, அதற்கு மேல் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வரப் படகும் ஏற்பாடு செய்தது. பாலசுப்பிரமணியத்துக்குப் படத்தின் தொடக்கத்தில் தன் பெயர் பெரிதாக வரவேண்டும். தொழில் கட்டட கான்ட்ராக்ட், பெயர்ப்பலகை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

மெட்ராஸ் மாகாணத்து உறுப்பினராக நடிக்க வேண்டிய சென்னை நடிகர் கடைசி நேரத்தில் வரவில்லை. சீரியலில் யாரையோ சாகடிக்கிறார்களாம், இவர் பக்கத்தில் நின்று அழவேண்டுமாம். உள்ளூரில் ஆள் தேடினார்கள். மன்றத்து ஆட்கள் வரிசையாக வந்து பேசிக் காட்டினார்கள், ஒருவருக்கும் குரல் மூன்றாவது நாற்காலியைத் தாண்டவில்லை. அழகர்சாமி டியூட்டி முடித்துக் காக்கியோடு வந்து நின்று ஒரு வரி பேசினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டைரக்டர் எழுந்துவிட்டார்.

"சார், இந்தக் குரலுக்குத்தான் காத்துட்டிருந்தேன். உங்க குரல்தான் படமே."

"என் கொரலேதான வரும்? வேற ஆளு கொரலப் போட மாட்டீகளே?" அழகர்சாமி முதலில் கேட்டதே இதுதான்.

"நாங்க பின்னாடி டப்பிங் பண்றதே இல்லை சார். மேடையில என்ன வருதோ அதுதான். ஆனா ஒண்ணு, தமிழ் சுத்தமா வரணும். இந்தி வார்த்தை வந்துட்டா எனக்கு வேற வழியில்லை."

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "பாய், உசிலம்பட்டில என் கொரலக் கேக்கணும் பாய். அந்த மனுசன் வாயப் பொளந்துட்டுக் கேக்கணும். தமிழு கப்பல்ல எறங்குச்சான்னு அவுக பாக்கட்டும்."

"அடப் போடா, ஒரு படத்துல பேசிட்டா உனக்குக் கொம்பு மொளைச்சிருமா?" என்றேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

ஒத்திகை ஆரம்பித்தது. அவன் பேசவேண்டிய பேச்சை டைரக்டரே எழுதியிருந்தார். அந்த உறுப்பினர் கற்பனை ஆள், பேச்சும் கற்பனை, பல பேர் பேசியதன் சாரம் என்று அவரே சொன்னார். இன்னொன்றும் பெருமையாகச் சொன்னார்: "அசல்ல மெட்ராஸ்காரங்க அந்தச் சபையில இங்கிலீஷ்லதான் சார் பேசினாங்க. நாமதான் தமிழ்ல அதுக்கு உயிர் குடுத்திருக்கோம்." அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். பேச்சில் ஒரு வரி எனக்கே பிடித்தது: "என் வாய்க்குள் இன்னொருவன் நாக்கை வைக்காதீர்கள்!" அழகர்சாமி அதைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது.

பயிற்சி முழுக்க பஸ்ஸில்தான். காராச்சர்மா ஸ்டாப் தாண்டினதும் கூட்டம் குறையும். உடனே விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, "அவைத் தலைவர் அவர்களே!" என்று ஆரம்பிப்பான். மீன் கூடைக்காரப் பெங்காலி அம்மாக்கள் ஒன்றும் புரியாமல் கையைத் தட்டுவார்கள். ஒருநாள் இந்தியே பேசுவதில்லை என்று விரதம் வேறு எடுத்தான். "முன்னால போங்க, முன்னால போங்க" என்று தமிழில் கத்துகிறான், ஒருவரும் நகரவில்லை. படியில் தொங்கினவர்கள் அவனையே திட்டினார்கள். நான்தான் கண்ணாடியில் பார்த்துத் திரும்பி, "ஆகே படோ பாய், ஆகே படோ!" என்று கத்தவேண்டி வந்தது. அன்று டிரைவரும் நானே, கண்டக்டரும் நானே. இறங்கும்போது அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன், சிரித்துக்கொண்டே கேட்டான்.

ஒத்திகையில் டைரக்டர் அவனைப் படுத்தியது கொஞ்சமில்லை. ழகரத்துக்கு ஒரு நாள், ளகரத்துக்கு ஒரு நாள். "கண்டக்டர் மாதிரி கத்தாதீங்க சார்" என்பார். கண்டக்டரைக் கூட்டி வந்து கண்டக்டர் மாதிரி கத்தாதே என்றால்? அதையும் பொறுத்துக்கொண்டான். பயணியிடமோ, அதிகாரியிடமோ இப்படி ஒரு சொல் பொறுத்தவன் இல்லை அவன். கேட்டதை எல்லாம் செய்தான். நாக்கு சுளுக்கும் அளவுக்குப் பழகி, கடைசியில் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசவும் ஆரம்பித்துவிட்டான். அப்போதும் அந்த ஆளுக்குத் திருப்தி இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் அவனைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்குள்ள ஒரு காயம் இருக்கும் சார், அதைச் சொல்லுங்க, நடிப்புக்கு உதவும்" என்று தேன் மாதிரி கேட்டார். இந்த மடையனும் உசிலம்பட்டிக் கல்யாணத்தை, மைக்கைப் பிடுங்கியதை, கப்பலில் இறங்கின தமிழை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "அற்புதம்" என்றார். ஒருத்தன் தன் அவமானத்தைச் சொல்கிறான், இவர் ருசி பார்க்கிறார். அப்போதே எழுந்து ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

படம் எடுத்த அன்று ஹால் நிறைந்திருந்தது. எப்படி நிறைந்தது என்று எனக்குத் தெரியும். பாலசுப்பிரமணியம் தன் சைட்டில் வேலை செய்கிற ராஞ்சிக்காரர்களையும் தெலுங்கர்களையும் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லி லாரியில் ஏற்றி வந்திருந்தார். முன்வரிசையில் ஒரு பெரிய அதிகாரி, அவருக்கும் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஜனம் கால்வாசி இருந்தால் அதிகம். சத்தம் பதிவாகும் என்று விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். புழுக்கத்தில் வெந்துகொண்டு, யாரோ கை காட்டினால் தட்டுவதும், மற்ற நேரம் தூங்கி விழுவதுமாக உலகத் தமிழ் அவை உட்கார்ந்திருந்தது. ஒச்சம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மேடையில் அழகர்சாமி கதர் சட்டை, மேல்துண்டு. அடையாளமே தெரியவில்லை. பேச ஆரம்பித்தான். பொய் சொல்லக்கூடாது, பிசிறில்லாத தமிழ். ஒவ்வொரு ழகரமும் அதனதன் இடத்தில். ஒச்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. "எங்கண்ணன் கேக்கணும்ண்ணே" என்று என்னிடம் முணுமுணுத்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த நாக்கு வரியும், அதற்குப் பிறகு ஒரு நாலு வரியும்.

அப்போதுதான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த சென்னை நடிகன், வடநாட்டு உறுப்பினராக நடிக்கிறவன், எழுந்தான். ஒத்திகையில் அந்த இடத்தில் அவனுக்குப் பேச்சே கிடையாது. நிதானமாக அழகர்சாமி பக்கத்தில் வந்து, சிரித்துக்கொண்டு சொன்னான்: "உமக்கு எதற்கையா தமிழ்? உம்முடைய தமிழ்தான் கப்பலிலேயே இறங்கிப் போய்விட்டதே!"

டெல்லிச் சபைக்கு எவனடா கப்பலில் போனான்? எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. டைரக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நிஜமான கோபம் வேண்டுமாம் அவருக்கு. அழகர்சாமி நம்பிக் கொடுத்ததை எடுத்து அவன் நெஞ்சிலேயே குத்திவிட்டார். த்தூ!

அழகர்சாமி அப்படியே நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒச்சம்மா என் கையைப் பிடித்தது. பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"அரே!"

பஸ்ஸாக இருந்தால் ஓரம் கட்டியிருப்பேன். அங்கே எதைக் கட்டுவது? "ஹம்லோக் கா மூ மே தூஸ்ரே கா ஜபான் மத் டாலோ!" எங்கள் வாயில் அடுத்தவன் நாக்கைத் திணிக்காதே. அதே வரிதான், இந்தியில். எழுதிக் கொடுத்ததை எல்லாம் அவன் தாண்டிப் போய்விட்டான். நீ யார்டா என்னைக் கேட்க, என் அப்பன் கல் உடைத்த பூமி இது, என் ஆத்தா என்னைத் தாலாட்டின பாஷையை நான் எங்கே இறக்கினேன், எங்கே ஏற்றினேன் என்று நீ கணக்குப் பார்க்கிறாயா, எவனும் எவனுடைய மைக்கையும் பிடுங்குகிற வேலை வேண்டாம் என்று பஜார் இந்தியில் வெளுத்து வாங்கினான். இந்தி வேண்டாம் என்று இந்தியில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

தூங்கின ராஞ்சிக்காரன் எழுந்தான். தெலுங்கன் எழுந்தான். அன்று சாயங்காலம் முழுக்க முதல் தடவையாக மேடையில் ஒருத்தன் பேசுவது அவர்களுக்குப் புரிந்தது. யாரும் கை காட்டவில்லை, ஹாலே எழுந்து நின்று தட்டியது. விசில் அடித்தார்கள். முன்வரிசை அதிகாரிகூடக் கை தட்டினார். வடநாட்டு உறுப்பினர் ஒரு வார்த்தை புரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்.

ஒச்சம்மா தட்டவில்லை. "ஐயய்யோ, இந்தி வந்திருச்சே பாயண்ணே" என்றது.

கொடுமை என்ன தெரியுமா? அவனுக்கே தெரியாது. வியர்வையில் நனைந்து மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "கைதட்டுனதப் பாத்தீகளா பாய்? எப்புடி வந்துச்சு? ழகரமெல்லாம் சரியா விழுந்துச்சா?"

ஒச்சம்மாதான் சொன்னது. "நீங்க கடேசில இந்தில பேசிட்டீக."

"போடி, வெளையாடாத."

"உள்ளதத்தான் சொல்றேன். பாயண்ணனக் கேளுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து போனதை நான் மறக்க மாட்டேன்.

டைரக்டரிடம் ஓடினோம். மறுபடி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். கெஞ்சத் தெரியாதவன் அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவர்கள் காமிராவை ஏற்கெனவே பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள், விடிந்தால் ஹேவ்லாக் படகு. "கோபம் பிரமாதம் சார், அந்த முகம் கிடைச்சிருச்சு, அது போதும். பேச்சை எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

"அப்ப நான் சென்னைக்கே வர்றேன் சார். கப்பல் செலவு என்னுது. என் கொரல்லயே அந்த எடத்தை மறுபடி பேசிக் குடுத்துர்றேன்."

"கண்டிப்பா சார். நானே போன் பண்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், அந்தச் சபையில இங்கிலீஷ்ல பேசுனதை நீங்க தமிழாக்குனீங்க. அது கலை. இவன் தமிழ்ல இருந்ததை இந்தியாக்குனான். அது மட்டும் தப்பா? இருக்கிறபடியே விடுங்களேன். எங்க ஊர்ல கோபம் இப்படித்தான் வரும்" என்றேன்.

அவர் என்னை ஏதோ மரப்பெட்டி பேசிவிட்ட மாதிரி பார்த்தார். "சார், இது தமிழ்ப் பார்வையாளர்களுக்கு" என்றார். பிறகு பாலசுப்பிரமணியம் வந்து என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பெரிய இடத்துக் காரியத்தில் டிரைவர் வாயைக் கொடுக்கக் கூடாதாம். அந்த ஆள் சைட்டில் ஊற்றுகிற கான்கிரீட் மழைக்கு முன்னால் கரைகிறது, எனக்குப் பாடம் எடுக்கிறார்.

போன் வரவே இல்லை. அழகர்சாமி சென்னைக் கப்பல் எப்போது எப்போது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். லீவு எழுதி வைத்திருந்தான். டிக்கெட் கொடுக்கும்போது மணி அடித்தால் பயணிகளை அம்போ என்று விட்டுவிட்டுப் போனை எடுப்பான். எல்லாம் கடன் கொடுக்கிறோம் என்கிற கம்பெனிக்காரிகள். பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. காராச்சர்மா தாண்டினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். மீன்கார அம்மா ஒருத்தி, "க்யா ஹுவா, பாஷண் கதம்?" என்று கேட்டாள், பேச்சு தீர்ந்துபோச்சா என்று. அவன் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தான்.

படம் வெளியானது எங்களுக்குத் தெரிந்ததே மன்றத்தில் திரை கட்டின பிறகுதான். மாலை போட்டு அழகர்சாமியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் ஒச்சம்மா, ஒரு பக்கம் நான். முதலில் பாலசுப்பிரமணியத்தின் பெயர் வந்தது, ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் சபை. அழகர்சாமி திரையில் எழுந்தான், வாயைத் திறந்தான்.

வேறு எவனுடைய குரலோ வந்தது.

கடைசிப் பகுதி மட்டும் இல்லை. முதல் வார்த்தையிலிருந்தே. அவன் நாக்கு சுளுக்கச் சுளுக்கப் பழகின அந்தச் சுத்தமான தமிழையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். குரல் மாறினால் தெரிந்துவிடுமாம், அதனால் எல்லாம் ஒரே குரலாகப் போட்டுவிட்டார்களாம். சென்னையில் எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து மிளகுப்பால் குடித்துவிட்டுப் பேசின வழுவழு குரல். கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறான் அழகர்சாமி, "அரே" என்று வாய் கோணுகிறது, அந்த வழுவழுப்பு சொல்கிறது: "என் வாய்க்குள் இன்னொருவன் நாக்கை வைக்காதீர்கள்!" ஹாலில் கைதட்டல். நிஜமாகவே தட்டினார்கள், பைத்தியக்காரக் கூட்டம்.

அழகர்சாமி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைத் தடவிக்கொண்டான், அவ்வளவுதான். பாலசுப்பிரமணியம் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு எழுந்தான். மாலையை நாற்காலியில் போட்டான். அந்தப் பகுதிதான் மலரில் "தன்னடக்கத்தோடு மேடையேற மறுத்தார்" என்று வந்திருக்கிறது.

வெளியே ஹால் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒச்சம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அப்போது அவன் போன் அடித்தது. உசிலம்பட்டி. ஒச்சம்மாவின் அண்ணன், மைக்கைப் பிடுங்கின அதே மனுஷன். அழகர்சாமி எடுத்துக் காதில் வைத்தான். அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"மாப்ள! மாப்ள, படத்தப் பாத்தோம்! தெருவே ஒக்காந்து பாத்துச்சு! அடேயப்பா, என்னா தமிழு, என்னா கொரலு! கண்ணு கலங்கிருச்சு மாப்ள. நான் அன்னைக்கு ஏதோ கிறுக்குத்தனமாப் பேசிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீக. பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். நீங்கதான் வந்து பேசணும். மைக்கு ஒங்க கையிலதான். அதே கொரல்ல பேசணும், ஆமா. எங்க, இப்ப ஒரு வார்த்த பேசுங்க மாப்ள, எல்லாரும் பக்கத்துல நிக்கிறாக, கேக்கட்டும்!"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். அந்தப் பக்கம் கூட்டமாக, "பேசுங்க மாமா, பேசுங்க" என்று பிள்ளைகள் கத்துவது கேட்டது. இத்தனை வருஷம் அவன் கேட்கக் காத்துக்கிடந்த சத்தம் அது. இப்போது ஒரு வார்த்தை பேசினால் போதும், அது இவன் குரல் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

"ராங் நம்பர் ஹை பாய்," என்றான் போனுக்குள். "ரக்கோ போன்." தப்பான நம்பர், போனை வை என்று, இந்தியில்.

ஒச்சம்மா போனை அவன் கையிலிருந்து வாங்கி அணைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.